பதினொன்றில் மிஞ்சிய ஒன்று

மேல்மாடி டீச்சர் ஒரு நாள் சாயங்காலம் கையில் போனோடு வந்து கதவைத் தட்டினார். திரையில் ஒரு போட்டோ. சமையலறை மேடை, அதன் ஓரத்தில் கைப்பிடி வைத்த சின்ன பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் 'ஃபுட் வேஸ்ட்' என்று எழுத்து. இங்கிலாந்தில் இருக்கும் மகன் வீட்டுச் சமையலறை அது. "இதை எப்படிப் படிக்கிறீர்கள், சொல்லுங்கள்" என்றார். உணவுக் கழிவு, அதற்கென்ன என்றேன். "இல்லை. இதில் எழுதியிருப்பது 'வீணடித்த சாப்பாடு' என்றுதானே? நான் உருளைக்கிழங்கு தோலை இதில் போட வேண்டுமாம். நான் எதை வீணடித்தேன்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் வெந்நீர் வைக்கப் போனேன். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

லிதுவேனியாவில் கௌனாஸ் என்ற ஊரில் இருக்கிறோம். கணவருக்கு இங்கே ஆராய்ச்சி வேலை. எனக்கு, திருநெல்வேலிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த அனுபவம் மட்டும் கைவசம். குடியிருப்பது சோவியத் காலத்து ஐந்து மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. எங்கள் தலைக்கு மேல் குடியிருப்பவர் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. இந்த ஊர் வழக்கப்படி அவரை நான் 'மொகீதொயா' என்று கூப்பிடுகிறேன், டீச்சர் என்று அர்த்தம். அவர் என்னை 'கைமீனே' என்பார். அண்டை வீட்டுக்காரியே என்பதற்கு அதுதான் சொல். முதல் தடவை கேட்டபோது என் கையில் மீன் இருப்பதாக நினைத்துக் கையைப் பார்த்துக்கொண்டேன்.

அவருக்கு ஒரே மகன். 2004 மே மாதம் லிதுவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் கிளம்பிய கூட்டத்தில் அவரும் ஒருவர். மருமகள் ஆங்கிலேயப் பெண். பேரனுக்கு ஐந்து வயது. அடுத்து மூன்று மாதம் அங்கே போய்த் தங்கப் போகிறார். அதற்காக வாரம் இரண்டு நாள் என்னிடம் ஆங்கிலம். ஃபீஸ் என்று நான் எதுவும் கேட்கவில்லை, அவர் கறுப்பு ரொட்டியாகக் கொண்டுவந்து தருகிறார்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று முதல் நாள் கேட்டேன். விமான நிலையம், டாக்டர், கடை என்று பாடப் புத்தக வரிசை ஒன்று என் மனதில் இருந்தது. அவர் யோசிக்காமல் "குப்பை" என்றார். போன தடவை போயிருந்தபோது மருமகளோடு மனத்தாங்கல் வந்ததெல்லாம் குப்பையால்தானாம். எந்தப் பெட்டியில் எது, எந்த வாரம் எந்தப் பெட்டி வாசலுக்குப் போக வேண்டும் என்று அந்தப் பெண் காட்டிய அட்டவணையை இவர் வேதியியல் தனிம அட்டவணை மாதிரி மனப்பாடம் செய்தும் பலிக்கவில்லை. "பெட்டி புரிகிறது. பெட்டியின் பெயர்தான் புரியவில்லை" என்றார்.

கோழிக் குடலும் கப்பல் கயிறும்

சரி, குப்பையிலிருந்தே தொடங்கினோம். ஒரு லிதுவேனியருக்கு ஆங்கிலக் குப்பைச் சொற்களில் முதல் தொல்லை ஒருமை பன்மைதான். அவர்கள் மொழியில் குப்பை பன்மை. 'ஷியுக்ஷ்லே' என்றால் தரையில் கிடக்கும் ஒரே ஒரு தூசு, ஒரு காகிதத் துணுக்கு. வாளியில் சேர்ந்துவிட்டால் 'ஷியுக்ஷ்லேஸ்'. அதனால் டீச்சர் 'கார்பேஜஸ்' என்றார், 'ரப்பிஷஸ்' என்றார். ஆங்கிலத்தில் கார்பேஜ், ரப்பிஷ், ட்ராஷ், லிட்டர் ஒன்றையும் எண்ண முடியாது, தண்ணீர் மாதிரி என்றேன். "தண்ணீரைக்கூட மூலக்கூறாக எண்ணலாம்" என்றார். வேதியியல் ஆசிரியையிடம் உவமை சொல்லும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஏன் இத்தனை சொல் என்பது அடுத்த கேள்வி. எனக்கும் அது பிடித்த விஷயம். கார்பேஜ் என்பது 15ஆம் நூற்றாண்டுச் சமையல் குறிப்புகளில் கோழியின் குடல், ஈரல் வகையறா. தூக்கிப் போடும் பொருளே இல்லை, சமைக்கும் பொருள். அப்புறம்தான் குடலோடு சேர்ந்து பெயரும் தொட்டிக்குப் போனது. ஜங்க் என்பது கப்பலில் தேய்ந்து போன பழைய கயிறு. டஸ்ட்பின்னில் டஸ்ட் வந்தது நிலக்கரி அடுப்புச் சாம்பலால், அந்தக் காலத்து ஆங்கிலேய வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் சாம்பல்தான். ட்ராஷ் அமெரிக்கர் வாயில் அதிகம், ரப்பிஷ் பிரிட்டன் வாயில் அதிகம், ஆகவே மருமகள் முன்னால் ரப்பிஷ் என்றே சொல்லுங்கள் என்றேன். குறித்துக்கொண்டார். லிட்டரில் மட்டும் எனக்கு வேலையே வைக்கவில்லை. தெருவில் போடும் குப்பையும் லிட்டர், பூனை கழிக்கிற மணலும் லிட்டர், ஒரே ஈற்றுக் குட்டிகளும் லிட்டர், இது எப்படி என்று நான் விளக்க ஆரம்பித்ததும் கையை உயர்த்தினார். மாட்டுக்குக் கீழே பரப்பும் வைக்கோல்தானே, எங்களுக்கு அது 'க்ரைகஸ்', கடையில் பூனைக்கு வாங்குகிற மணலும் அதே க்ரைகஸ்தான் என்றார். லத்தீனில் படுக்கைக்கான சொல்லிலிருந்து வந்தது லிட்டர். படுக்கை, வைக்கோல் படுக்கை, சிதறிய வைக்கோல், சிதறிய எதுவும். கிராமத்தில் பசு வளர்த்த வீட்டுப் பெண்ணுக்கு இதற்கு டீச்சர் தேவையில்லை.

இன்னொன்றும் அவருக்குச் சுலபமாக வந்தது. த்ரோ அவுட், த்ரோ அவே, த்ரோ டௌன் என்று வினையின் வாலில் ஒட்டும் துண்டுச் சொற்கள் நம் ஊர்ப் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தும். லிதுவேனிய மொழியில் அதே துண்டுகள் வினைக்கு முன்னால் நிற்கின்றன. 'மெஸ்தி' எறிதல், 'இஷ்மெஸ்தி' வெளியே எறிதல், 'நுமெஸ்தி' கீழே எறிதல். தலையில் இருப்பதை வாலுக்கு மாற்றினால் வேலை முடிந்தது. மறுசுழற்சிக்கு அவர்கள் சொல் 'பெர்திர்ப்தி'. 'திர்ப்தி' என்றால் வேலை செய். அதை மறுபடி வேலை செய்து எடு என்பது போல. ஆங்கிலத்தில் சக்கரம் சுற்றுகிறது, நாமும் அதைப் பார்த்துச் சுழற்சி என்று எழுதிக்கொண்டோம். இவர்கள் சுற்றவில்லை, உழைக்கிறார்கள்.

மாத்திரை விவகாரம்

போன தடவை நடந்த பெரிய சண்டையைப் பாதிப் பாடத்தில் சொன்னார். மருமகள் வீட்டுக் குளியலறை அலமாரியில் தேதி முடிந்த மாத்திரைகள் ஒரு பை நிறைய இருந்தனவாம். இங்கே அவற்றை மருந்துக் கடையில் கொடுத்துவிடலாம், அழிக்க அனுப்புவார்கள். மகனிடம் விசாரித்து அங்கேயும் ஒரு மருந்துக் கடையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ராத்திரி சாப்பாட்டு மேசையில், தன் ஆங்கிலத்தைக் காட்ட நல்ல சந்தர்ப்பம் என்று மருமகளிடம் பெருமையாகச் சொன்னார்: "ஐ யூட்டிலைஸ்டு ஆல் யுவர் ஓல்ட் டேப்லட்ஸ்."

அந்தப் பெண் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனை எடுத்தாளாம். எத்தனை, எப்போது, என்ன நிறம் என்று கேள்வி மேல் கேள்வி. டீச்சர் கணக்குச் சுத்தமானவர். முப்பதுக்கு மேல் இருக்கும், மத்தியானம், எல்லா நிறத்திலும் இருந்தது என்று பதில் சொல்லியிருக்கிறார். மாடியிலிருந்து மகன் இறங்கி வருவதற்குள் ஆம்புலன்ஸ் எண்ணில் பாதி அழுத்தியாகிவிட்டது.

'உத்திலிசுவோத்தி' என்ற சொல் செய்த வேலை இது. ஆங்கில யூட்டிலைஸும் இதுவும் ஒரே லத்தீன் வயிற்றில் பிறந்தவை, பயன்படுத்து என்பதுதான் மூலப் பொருள். ஆனால் இந்தப் பக்கத்து நாடுகளில் பழைய மருந்து, பழைய டயர், பழைய ஃபிரிட்ஜ் இவற்றை முறைப்படி ஒழித்துக்கட்டுவதற்கே இந்தச் சொல்லைப் புழங்கி வந்திருக்கிறார்கள். தொழிற்சாலைக் கணக்கில் ஒழிப்பதும் ஒருவகைப் பயன்பாடு என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். கடைசியில் பயன் போய் ஒழிப்பு மட்டும் நின்றது. டிஸ்போஸ் என்று சொல்லுங்கள், ஆனால் 'ஆஃப்' சேர்க்க மறக்காதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். "ஒரு 'ஆஃப்'பில் உயிர் இருக்கிறது" என்று முணுமுணுத்தபடி எழுதினார். அவர் சிரிக்காமல் சொன்னதால் நானும் அடக்கிக்கொண்டேன். ராத்திரி கணவரிடம் சொல்லும்போதுதான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

இப்படி இருந்த பாடத்துக்கு நடுவில்தான் அந்தப் பெட்டியின் போட்டோ வந்தது.

பாழ்

முதலில் அவர் கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேஸ்ட் என்றால் இரண்டும்தான், வீணடிப்பதும் வேஸ்ட், கழிவும் வேஸ்ட், சூழ்நிலையைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றேன். உலகத்து ஆங்கில டீச்சர்கள் எல்லாரும் சொல்லும் பதில் இது. அவருக்கு ஒப்பவில்லை. எங்கள் மொழியில் அப்படிக் கலக்க முடியாது என்றார். காலத்தையோ காசையோ ரொட்டியையோ வீணடித்தால் 'ஷ்வைஸ்தீத்தி', அது குற்றம். உருளைக்கிழங்கு தோலும் முட்டை ஓடும் 'அத்லியேகோஸ்', அதில் யார் மேலும் குற்றமில்லை. எங்கள் வீட்டு முற்றத்தில் வரிசையாக நிற்கும் பெட்டிகளைப் பார்க்கச் சொன்னார். நீலம் காகிதத்துக்கு, மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு, பச்சை கண்ணாடிக்கு. 2024 தொடங்கி ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க உணவுக் கழிவையும் தனியாகப் பிரிக்க வேண்டும் என்று விதி வந்த பிறகு அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. "எதிலாவது திட்டு எழுதியிருக்கிறதா?" என்றார்.

இதில் ரொட்டி வந்ததைக் கவனிக்க வேண்டும். கறுப்பு ரொட்டி, 'துவோனா', இங்கே வெறும் பலகாரம் இல்லை. துண்டு கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடும் வழக்கம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. டீச்சர் என் வீட்டிலேயே ஒரு தடவை அப்படிச் செய்தார், என்னமோ மூக்கைத் துடைப்பது போல அவ்வளவு இயல்பாக. காய்ந்து போன ரொட்டியை ஊறவைத்துப் புளிக்கவைத்து 'கிரா' என்று ஒரு பானம் செய்வார். இன்னும் காய்ந்ததை நீளவாக்கில் நறுக்கி எண்ணெயில் பொரித்துப் பூண்டு தேய்த்துத் தருவார். நம் வீட்டுப் பழைய சோற்றுக்கும் வற்றலுக்கும் ஒன்றுவிட்ட சொந்தம். பல்லைக் கொடுத்த கடவுள் ரொட்டியும் கொடுப்பான் என்பது இவர்கள் பழமொழி, நம் 'மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்'தான். அப்படிப்பட்ட ஆள், தான் தோல் சீவும் மேடையில் வீணடித்தவள் என்று எழுதிய பெட்டி ஒன்று உட்கார்ந்திருப்பதை எப்படிச் சகிப்பார்? போன தடவை தோலையெல்லாம் செய்தித்தாளில் பொதிந்து வேறு தொட்டியில் போட்டுவிட்டதாக இப்போது ஒப்புக்கொண்டார். மருமகள் கண்டுபிடித்துவிட்டாளாம்.

நான் அகராதியோடு உட்கார்ந்தேன். வேஸ்ட் லத்தீன் 'வாஸ்துஸ்' என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். வாஸ்துஸ் என்றால் ஆளரவமற்று வெறிச்சோடிய இடம். ஆங்கிலத்திலும் அது முதலில் நிலத்தைத்தான் குறித்தது. அப்புறம் நிலத்தை வெறுமையாக்குவது, சூறையாடுவது, அப்புறம் பணத்தைக் கரைப்பது, கடைசியில்தான் தூக்கிப்போடும் பொருள். படித்துக்கொண்டே வந்தபோது எனக்குப் பொறி தட்டியது. இது நம் 'பாழ்' அல்லவா! பாழ் நிலம், பாழ் மண்டபம், பாழாய்ப் போனவனே, சோற்றைப் பாழாக்காதே. வெறுமையும் பாழ்தான், வீணும் பாழ்தான். ஆங்கிலேயர் வேஸ்ட் என்று சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் பாழ் என்று போட்டுப் பார்த்தேன். அந்தச் சமையலறைப் பெட்டியின் பெயர் 'சாப்பாட்டுப் பாழ்' என்று ஆனது. டீச்சர் சரியாகத்தான் படித்திருக்கிறார். இருபது வருஷமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் நான்தான் அதைப் படிக்கவே இல்லை.

ஏன் படிக்கவில்லை என்பதும் தெரிகிறது. வேஸ்ட் என்பது எனக்கு ஆங்கிலச் சொல்லே இல்லை. வேஸ்ட் துணி, வேஸ்ட் பண்ணாதே, டைம் வேஸ்ட், அவன் சுத்த வேஸ்ட் என்று வாயில் ஊறிப்போன தமிழ் அது. நம்மிடம் கழிவு, குப்பை, வீண், பாழ், எச்சில், மிச்சம் என்று தனித்தனி ஜாடியில் இருந்ததையெல்லாம் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலக்கிவிட்டது. இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட உண்டு. தோலுக்கும் துரோகத்துக்கும் ஒரே சொல் என்றால், தோலைப் போடும்போதெல்லாம் லேசாகக் குற்ற உணர்வு வரும், நிஜமாகவே வீணடிக்கும்போது அது தோல் அளவுக்கு லேசாகிவிடும்.

கழித்தல் கணக்கு

அடுத்த வகுப்பில் கண்டுபிடிப்பைச் சொன்னேன். வேஸ்ட் என்றால் பாழ். அத்லியேகோஸ் என்றால் என்ன, பிரித்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் யோசித்ததே இல்லையாம், தாய்மொழியில் யார் யோசிக்கிறார்கள். பேனாவை எடுத்து நடுவில் இருக்கும் 'லியெக்' என்பதற்குக் கீழே கோடு போட்டார். "லிக்தி. மீந்திருத்தல், தங்கிவிடுதல்" என்றார். அத்லியேகோஸ் என்றால் எஞ்சியவை. அவ்வளவுதான். பாழும் இல்லை, அழுக்கும் இல்லை. அப்புறம் தானாகவே, "நாங்கள் அத்லியேகமி பினிகய் என்றும் சொல்வோம். கையில் அத்லியேகமி பணம் இல்லை என்றால், செலவு போக மிச்சம் பிடித்த பணம் இல்லை என்று அர்த்தம்" என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். மிச்சம்! சோற்றிலும் மிச்சம், பணத்திலும் மிச்சம். 'மிச்சத்தை நாய்க்குப் போடு' என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, 'மாசம் ஐந்நூறு மிச்சம் பிடித்து நகை வாங்கினாள்' என்று அடுத்த மூச்சில் சொல்கிற மொழி என்னுடையது. அந்தச் சொல்லை இவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தமிழிலேயே சொன்னேன். "மிச்சம்" என்று அவரும் சொல்லிப் பார்த்தார். ச்ச அழகாகவே வந்தது.

அவர் நிறுத்தவில்லை, வாத்தியார் குணம். தாளில் 11 என்று எழுதி இதை எங்கள் மொழியில் படியுங்கள் என்றார். 'வியெனுவோலிகா.' 12? 'த்வீலிகா.' பதின்மூன்று 'த்ரீலிகா'. பத்தொன்பது வரை எல்லாவற்றின் வாலிலும் அதே 'லிகா'. பத்தை எடுத்த பிறகு ஒன்று மிச்சம், இரண்டு மிச்சம், மூன்று மிச்சம். இத்தனை மாதம் காய்கறிக் கடையில் இந்த எண்களைச் சொல்லிச் சொல்லிக் காசு கொடுத்திருக்கிறேன், குப்பையும் பதினொன்றும் ஒரே வேர் என்று தெரியாது. ஆங்கில லெவனும் ட்வெல்வும் இதே கணக்குதான், ஒன்று மிச்சம், இரண்டு மிச்சம். ஆனால் அவர்கள் பன்னிரண்டோடு விட்டுவிட்டார்கள். லெவனின் 'லெவ்'வும் அத்லியேகோஸின் 'லியெக்'கும் ஒரே வேரிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்று நான் சொன்னபோது டீச்சருக்கு இங்கிலாந்து மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

சமஸ்கிருதத்தில் அதிரேகம் என்பதன் 'ரிச்' என்ற வேரும் இந்தக் குடும்பம்தான். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன். ஏனென்றால் இந்த நாட்டில் இந்தியர் யாரைப் பார்த்தாலும் 'எங்கள் மொழி உங்கள் சமஸ்கிருதத்தின் அக்கா' என்று தொடங்கிவிடுவார்கள். மகனுக்குச் சூனுஸ், சூனு, நெருப்புக்கு உக்னிஸ், அக்னி என்று பட்டியல் வரும். என் தாய்மொழி அந்தக் குடும்பமே இல்லை என்று நான் விளக்க, அவர்கள் முகம் லேசாக வாடும். டீச்சர் முகத்தையும் ஒரு தடவை வாடவைத்திருக்கிறேன். இன்று வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மாறாக நம் கழித்தல் கணக்கைச் சொன்னேன். எங்கள் மொழியில் கழிவு என்றால் குப்பை மட்டும் இல்லை, கழித்துக்கொள்வதும் கழிவு. புத்தகக் கடையில் 10 சதவீதம் கழிவு என்று எழுதிப் போட்டால் கூட்டம் அலைமோதும், யாரும் மூக்கைப் பொத்திக்கொள்ள மாட்டார்கள். உடனே அவர் 'தாரா' என்றார். காலி பாட்டில், டப்பா, பெட்டி எல்லாவற்றுக்கும் இங்கே பொதுப்பெயர் தாரா. எடை போடும்போது சரக்கிலிருந்து கழிக்கிற பெட்டியின் எடையும் தாரா. அரபியில் 'எறி, கழி' என்ற வினையிலிருந்து இத்தாலிய வியாபாரிகள் வழியாக ஐரோப்பா முழுக்கப் பரவிய சொல் அது என்று அகராதி சொன்னது. கழித்தலில் எடுத்துப் போடுவதற்கு நாம் பெயர் வைத்தோம், அரபு வணிகர்கள் பெயர் வைத்தார்கள். எஞ்சி நிற்பதற்கு இவர்கள் பெயர் வைத்தார்கள். ஒரே கணக்கு, வேறு வேறு வரி.

அவர் அந்த 'லிக்தி'யின் கீழே போட்ட கோட்டின் மேல் திரும்பத் திரும்பப் பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தார். "ஆஷ் லிகாவ்" என்றார். நான் தங்கிவிட்டேன். 1990களின் தொடக்கத்தில் இந்த நாட்டில் சுமார் 37 லட்சம் பேர். இப்போது 30 லட்சத்துக்கும் குறைவு. எங்கள் மாடிப்படியில் இருக்கும் வீடுகளில் பாதியில் வயதானவர்கள் மட்டும். மகன் கிளம்பிய வருஷம் பள்ளிக்கூடத்தில் அவரோடு வேலை பார்த்த மூன்று பேர் வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டில் காளான் பறிக்கவும் மீன் வெட்டவும் போனார்களாம். கிளம்பினவர்களா, தங்கினவர்களா என்பதுதான் இங்கே யாரைப் பற்றிப் பேசினாலும் வரும் முதல் கேள்வி, தங்கினவர்களுக்கு அவர்கள் சொல்லும் வினை இந்த லிக்திதான். "பதினொன்றில் ஒன்று நான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் இன்னொரு கப் டீ ஊற்றினேன், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இருபது கிலோ காகிதம்

அதற்கப்புறம் வகுப்பு வகுப்பாக இல்லை. அவர் பழைய கதைகளுக்குப் போய்விட்டார். சோவியத் காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் 'மாகுலதூரா', அதாவது பழைய காகிதம் சேகரிப்பார்கள். 1974இலிருந்து ஒரு திட்டம் இருந்தது. 20 கிலோ காகிதம் கொடுத்தால் ஒரு கூப்பன், அதைக் காட்டினால் கடையில் சாதாரணமாகக் கிடைக்காத நாவல் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கலாம். ஒரு புத்தகத்துக்காகத் தன் கணவர் தலைவர்களின் சொற்பொழிவுத் தொகுதிகளை மூட்டையாகக் கட்டிப் போட்டார் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார், இன்னும் யாராவது ஒட்டுக்கேட்பது போல. பழைய இரும்புக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்த தள்ளுவண்டிக்காரரைப் பற்றி நான் சொன்னேன். பேரீச்சம்பழம் நல்ல பேரம் என்று தீர்ப்பளித்தார்.

பாட்டில்களுக்கு இப்போது 'தாரோமாத்தஸ்' இருக்கிறது. தாராவையும் பேங்க் ஏடிஎம்முக்கு இவர்கள் சொல்லும் பங்கோமாத்தஸையும் ஒட்டிச் செய்த பெயர். 2016 பிப்ரவரியில் வந்த திட்டம். பானம் வாங்கும்போது பாட்டிலுக்கோ டின்னுக்கோ 10 சென்ட் சேர்த்துக் கொடுக்க வேண்டும், காலியை இந்த மெஷினின் வாயில் போட்டால் அந்த 10 சென்ட் திரும்ப வரும். இரண்டே வருஷத்தில் பத்தில் ஒன்பதுக்கு மேல் திரும்பி வர ஆரம்பித்துவிட்டன. சனிக்கிழமை காலையில் சூப்பர் மார்க்கெட் வாசலில் பெரிய பைகளோடு நிற்கும் வரிசையைப் பார்த்தால் ரேஷன் கடை ஞாபகம் வரும். மெஷின் ஒவ்வொரு பாட்டிலாக உள்ளே இழுத்துச் சுற்றிப் பார்த்து நசுக்கும் சத்தம். நசுங்கியதைக் கொடுத்தால் துப்பிவிடும். பார்கோடு தெரிய வேண்டும்.

ஆங்கிலப் பழமொழி ஒன்றைக் கடைசி வகுப்புக்கு வைத்திருந்தேன். 'வேஸ்ட் நாட், வான்ட் நாட்.' அவர் அதை 'வீணடிக்காதே, ஆசைப்படாதே' என்று மொழிபெயர்த்துவிட்டு, புத்தர் சொன்னதா என்று கேட்டார். இங்கே வான்ட் என்றால் ஆசை இல்லை, இல்லாமை. வீணடிக்காவிட்டால் இல்லாமை வராது. "ஆக இதில் வரும் வேஸ்ட் ஷ்வைஸ்தீத்தி. பெட்டியில் இருப்பது அத்லியேகோஸ்" என்றார். ஆமாம். "இரண்டுக்கும் ஒரே எழுத்து." ஆமாம். "நல்ல மொழிதான், கொஞ்சம் சோம்பேறி" என்று முடித்தார். எனக்கு இதற்கு மேல் நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

போன வாரம் கிளம்பிப் போனார். போய்ச் சேர்ந்த மறுநாள் ஒரு போட்டோ வந்தது. அதே மேடை, அதே பெட்டி. 'ஃபுட் வேஸ்ட்' என்ற எழுத்தின் மேல் ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. அதில் பேரன் கையெழுத்தில், ஒரு எழுத்து தலைகீழாக, 'லெஃப்ட் ஓவர்ஸ்' என்று இருந்தது. மருமகள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். காகிதம் ஈரத்தில் கிழியாமல் இருக்க அவள்தான் மேலே டேப் ஒட்டினாளாம்.

சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற. கூடவே சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பை, காலி பாட்டில்கள். நேற்று எடுத்துப் போய் வரிசையில் நின்றேன். மொத்தம் பன்னிரண்டு இருந்தது. ஒன்று நசுங்கியிருந்ததால் மெஷின் துப்பிவிட்டது. ஒரு யூரோ பத்து சென்ட் என்று சீட்டு வந்தது. நசுங்கிய பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு போன் செய்து கேட்டேன், இந்தப் பணத்தை என்ன செய்ய என்று.

"வைத்துக்கொள்ளுங்கள், கைமீனே" என்றார். "மிச்சம்."